1858-இல் எடுத்த மதுரைப் படத்தை எப்படிப் பார்ப்பது? பழைய கட்டடப் புகைப்படங்களில் ஒளியையும் அமைப்பையும் வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மதுரை புதுமண்டபத்துக்குள் 1858-ஆம் ஆண்டு எடுத்த ஒரு படம் உண்டு. இரண்டு பக்கமும் கல்தூண்கள், நடுவே நீண்டு போகும் நடைபாதை, கடைக்கோடியில் வெளிச்சம். தையல் மெஷின் சத்தமும் வளையல் கடையும் பாத்திரக் கடையும் நிறைந்த புதுமண்டபத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெறுமையே ஒரு அதிர்ச்சி. எடுத்தவர் லின்னேயஸ் ட்ரைப். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. 1855-இல் பர்மா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு படம் எடுக்கச் சென்று வந்தார். 1856-இல் சென்னை அரசு அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் அவர் தெற்கே கிளம்பிய பயணத்தில்தான் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் படங்கள் கிடைத்தன.

இந்தப் படங்களைப் பார்க்கும்போது நாம் கட்டடத்தைத்தான் பார்க்கிறோம். "அப்போ எப்படி இருந்திருக்கு பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். கட்டடம் நாயக்கர் கட்டியது, சோழர் கட்டியது. படத்தை எடுத்தவர் செய்தது இரண்டே காரியம்: எங்கே நிற்பது என்று முடிவு செய்தார், எந்த வெயிலுக்குக் காத்திருப்பது என்று முடிவு செய்தார். இந்த இரண்டையும் படத்துக்குள்ளிருந்தே கண்டுபிடித்துவிட முடியும். அதற்கான வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ட்ரைப்பின் படங்களை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்த இடங்களுக்கு நம்மால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட முடியும்.

முதலில் நல்ல நகல்

இணையத்தில் சுற்றும் படங்களில் பாதி ஓரம் வெட்டியவை, கறுப்பு வெள்ளையைத் தூக்கலாக்கியவை. அவற்றை வைத்து ஒளியைப் பற்றிப் பேசவே முடியாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம், பிரிட்டிஷ் நூலகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஆகிய இடங்களின் தளங்களில் ட்ரைப்பின் படங்கள் இருக்கின்றன. தாளின் ஓரம், அச்சிட்ட தலைப்பு, மஞ்சள் ஏறிய பழுப்பு நிறம் எல்லாம் அப்படியே தெரியும் நகலை எடுங்கள். ஒரு ஏ4 தாளில் பிரின்ட் போட்டு வைத்துக்கொண்டால் நல்லது. பின்னால் அதன் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட வேண்டியிருக்கும்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ட்ரைப்பின் பெரிய படங்கள் சுமார் 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். அன்றைய வழக்கப்படி நெகட்டிவைத் தாளின் மேல் ஒட்ட வைத்து வெயிலில் காட்டித்தான் பிரின்ட் எடுத்தார்கள், பெரிதாக்குவது கிடையாது. படம் எவ்வளவு பெரியதோ நெகட்டிவும் அவ்வளவு பெரியது. அந்த நெகட்டிவ் உள்ளே போகும் அளவுக்குப் பெட்டி. அந்தப் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி, இறக்கி, முக்காலியில் நிறுத்தி எடுத்த படம் இது. நினைத்த இடத்தில் நின்று சட்டென்று எடுக்கும் வேலை இல்லை. ஒவ்வொரு படமும் யோசித்து எடுத்த முடிவு என்ற எண்ணத்தோடு தொடங்கலாம்.

வேதியியல் செய்தது எது, ஆள் செய்தது எது

நான் இந்தப் படங்களைப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் ஒரு தப்பு செய்தேன். கோபுரத்துக்குப் பின்னால் வானம் வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்து, அன்றைக்கு மேகமூட்டம் போலிருக்கிறது என்று குறித்து வைத்தேன். தரையில் கத்தி மாதிரி கூர்மையான நிழல் விழுந்திருந்தது என் கண்ணில் படவே இல்லை. மேகமூட்டமாக இருந்தால் அந்த நிழல் எங்கிருந்து வரும்? இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் அந்தக் காலத்து ரசாயனம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அப்போதைய வெள்ளி உப்புகள் நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டு. இதனால் மூன்று விளைவுகள். நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெள்ளையாகிவிடும், மேகம் இருந்தாலும் அதோடு கரைந்துவிடும். மரங்கள் கறுத்துப்போகும், வெயில் பட்ட தென்னை ஓலைகூடக் கரித்திட்டாகத் தெரியும். மூன்றாவது நம் ஊருக்கே உரியது. கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் மாறி மாறி அடித்த பட்டைகளை நினைத்துக்கொள்ளுங்கள். காவி சிவப்பு என்பதால் அந்தப் படங்களில் கறுப்பாக விழும். பழைய படத்தில் மதில் கறுப்பு வெள்ளைப் பட்டையாகப் பளிச்சென்று தெரிந்தால், நேரில் அவ்வளவு முரண் இருந்திருக்காது. அதைப் புகைப்படக்காரரின் ரசனை என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது நெகட்டிவ் எதில் என்பது. ட்ரைப் இந்தப் பயணத்தில் பெரும்பாலும் மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவைப் பயன்படுத்தினார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851-இல் வெளியிட்ட முறை அது. அதே காலத்தில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைப் பூசி எடுக்கும் முறையும் வந்துவிட்டது. கண்ணாடியில் நுணுக்கம் அதிகம், ஆனால் பூச்சு ஈரமாக இருக்கும்போதே எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கழுவ வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சோதனை. மெழுகுத்தாளை முன்கூட்டியே தயாரித்து எடுத்துப் போகலாம், உடையாது, கனமும் இல்லை. விலை என்னவென்றால் நேரம்: வெளிச்சத்தில்கூட நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தாள் நெகட்டிவில் நிழலின் ஓரங்கள் சற்றே மெத்தென்று, நார் ஓடியது போல இருக்கும். நிழலுக்குள் இருக்கும் சிற்பத்தின் நுணுக்கம் தொலைந்து மொத்தமாக ஒரு இருள்பரப்பாகத் திரளும். இதைக் குறையாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ட்ரைப் மாதிரி ஆட்கள் இந்தத் திரட்சியை நம்பியே படத்தைக் கட்டினார்கள். ஒரு யாளித் தூணின் நகத்தையும் பல்லையும் காட்ட முடியாவிட்டால் பரவாயில்லை, தூண் என்ற கனத்தைக் காட்டலாம் என்பது ஒரு தேர்வு.

நிமிடக் கணக்கில் திறந்திருந்ததற்குச் சாட்சி படத்திலேயே கிடைக்கும். குளத்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கும். மரக்கிளையின் நுனி மட்டும் மங்கலாக இருக்கும். தெருவில் போனவர்கள் பதிந்தே இருக்க மாட்டார்கள். 1838-இல் பாரிஸ் தெரு ஒன்றை, புகைப்பட முன்னோடிகளில் ஒருவரான டகேர் எடுத்த படத்தில் நின்று காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டவர் மட்டும் பதிந்தார், மற்ற நடமாட்டம் எல்லாம் மறைந்துபோனது. மதுரைப் படங்களில் ஊரே காலியாகத் தெரிவதற்கும் இது ஒரு காரணம். அதற்காக எல்லா வெறுமையையும் வேதியியலின் தலையில் கட்டிவிட முடியாது. உட்கார்ந்திருப்பவர், படுத்திருக்கும் மாடு, நிறுத்திய வண்டி இவை பதியக்கூடியவை. இவையும் இல்லையென்றால் இடத்தை ஒழித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள், "லாம்" போட்டே.

நின்ற இடத்தைப் பிடிப்பது

சரி, இப்போது ஸ்கேலும் பென்சிலும். தலைப்பிலிருந்து தொடங்கலாம். ட்ரைப் ராணுவ அதிகாரி, நில அளவை பழகியவர் போலத் தலைப்பு வைப்பார். புதுமண்டபப் படத்தின் தலைப்பு, வடபுற நடைபாதை, மேற்கு முகப்பிலிருந்து பார்த்தபடி என்று சொல்கிறது. இதிலேயே பாதி வேலை முடிந்தது. கேமரா மண்டபத்தின் மேற்கு முனையில், மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. பார்வை கிழக்கே, கட்டி முடிக்காத ராயகோபுரத்தின் திசையில். படத்தில் இடது கை வடக்கு, வலது கை தெற்கு. இந்தத் திசைக்குறிப்பை நகலின் ஓரத்தில் எழுதி வையுங்கள், ஒளிக்கு வரும்போது இது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது.

தலைப்பு உதவாத படங்களில் கட்டடமே திசை சொல்லும். தஞ்சைப் பெரிய கோயில் கிழக்கு பார்த்தது, நந்தி மேற்கே விமானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது, முருகன் கோயில் வடமேற்கில். இவற்றில் இரண்டு தெரிந்தால் போதும், கேமரா எந்த மூலையில் என்று பிடித்துவிடலாம்.

அடுத்து கேமராவின் உயரம். கட்டடத்தில் கிடையாக ஓடும் கோடுகளை எடுங்கள்: அதிட்டானத்தின் (கட்டடத்தின் அடிப்பீடம்) விளிம்பு, கொடுங்கையின் (கூரையிலிருந்து வெளியே வளைந்து நீளும் கல்) விளிம்பு, தூண்களின் போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கல்) வரிசை. ஒரே திசையில் பின்னோக்கி ஓடும் இந்தக் கோடுகளை ஸ்கேல் வைத்து நீட்டினால் எல்லாம் ஒரு புள்ளியில் சந்திக்கும். அந்தப் புள்ளியின் வழியாகக் கிடையாக ஒரு கோடு போடுங்கள். அதுதான் லென்ஸ் இருந்த மட்டம். சமதரையில் நிற்கும் ஆளின் தலையை அந்தக் கோடு தொட்டால் கேமராவும் ஆள் உயரத்தில் இருந்தது. தலைக்கு மேலே ஒரு ஆள் உயரத்தில் ஓடினால் மேடையிலோ மதில்மேலோ ஏறியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் பழைய படத்தில், எடுத்தவர் ஏறி நின்ற படிக்கட்டை இப்படிக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

இப்போது செங்குத்துக் கோடுகள். கோபுரத்தை அண்ணாந்து போனில் எடுத்தால் அது பின்னால் சாய்வது போல் வருமே, தூண்கள் மேலே போகப் போக நெருங்குமே, அது கேமராவைச் சாய்ப்பதால் வருவது. ட்ரைப்பின் படங்களில் தூணும் சுவரும் பெரும்பாலும் நேராக நிற்கும். கேமராவைத் துளி சாய்க்காமல் நிறுத்தியிருக்கிறார் என்று பொருள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாய்க்காத கேமராவில் லென்ஸ் மட்டம் படத்தின் சரிபாதியில்தான் விழ வேண்டும். நீங்கள் போட்ட கிடைக்கோடு படத்தின் நடுவுக்குக் கீழே விழுந்து, அதே சமயம் செங்குத்துகளும் நேராக இருந்தால் இரண்டு விளக்கம்தான் உண்டு. லென்ஸ் பொருத்திய முன்பலகையை மேலே நகர்த்தி எடுத்திருக்கிறார், அல்லது பிரின்ட்டின் கீழ்ப்பகுதியை வெட்டியிருக்கிறார். இரண்டுமே தரையைக் குறைத்து உயரத்தைக் கூட்ட எடுத்த முடிவு. கோடு சரிபாதியில் விழுந்து முன்னால் வெறுந்தரை நிறைய இருந்தால், அந்தத் தரையை அவர் விரும்பி வைத்துக்கொண்டாரா, வேறு வழியில்லாமல் வந்ததா என்று அடுத்த கேள்வி.

சட்டகத்துக்குள் எதை விட்டார், எதை வெட்டினார்

கட்டடத்தைக் காட்ட அன்றைக்கு இரண்டு மரபுகள் கையில் இருந்தன. ஒன்று கட்டடக் கலைஞர்களின் வரைபட மரபு: நேர் எதிரே நின்று முகப்பைத் தட்டையாகக் காட்டுவது, அளவு பார்க்க வசதி. மற்றது ஓவியர்களின் மரபு: மூலையில் நின்று இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, முன்னால் ஒரு மரம், ஓரத்தில் ஒரு ஆள். உங்கள் படத்தில் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா, இடமும் வலமுமாக இரண்டு புள்ளிகளுக்குப் பிரிகின்றனவா என்று பார்த்தால் எந்த மரபு என்று தெரிந்துவிடும்.

புதுமண்டபப் படத்தில் எல்லாக் கோடும் ஒரே இடத்துக்கு ஓடுகின்றன. வேறு மாதிரியும் எடுத்திருக்கலாம். 333 அடி நீளம், 124 தூண், திருமலை நாயக்கர் உட்படப் பத்து நாயக்கர்களின் சிலைகள் உள்ள மண்டபம் அது. சிலைகளைக் காட்ட வேண்டுமென்றால் பக்கவாட்டில் நின்று ஒவ்வொரு தூணாக எடுக்கலாம், அப்படித் தூண்களைத் தனியாக எடுத்த படங்களும் அவரிடம் உண்டு. இந்தப் படத்தில் அவருக்கு வேண்டியது நீளம். ஒரு தூணை அடுத்த தூண் மறைக்க, அதை இன்னொன்று மறைக்க, சிற்பம் எல்லாம் விளிம்புகளாகக் குறுகி, வரிசை மட்டும் மிஞ்சுகிறது. முன்தூண் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது, கடைசித் தூண் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுதுங்கள். அந்த வித்தியாசம்தான் கண்ணை உள்ளே இழுக்கிறது.

முழுக் கோபுரத்தையும் காட்டும் படம் என்றால் வேறு கேள்வி: பின்வாங்க இடம் எங்கே கிடைத்தது? அன்றைய லென்ஸுகள் அகலமாகப் பார்க்காது, மதுரைத் தெருக்களோ குறுகல். குளம் இருந்தால் இடம் கிடைக்கும், அதனால்தான் பொற்றாமரைக் குளத்தை முன்னே விட்டு எடுத்த படங்கள் அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்கள் பலரிடமும் இருக்கின்றன. அழகுக்காகத் தண்ணீர் என்று நாம் நினைப்போம், தூரத்துக்காகவும்தான். இன்னொரு எல்லையும் இருந்தது. கருவறைப் பக்கம் ஐரோப்பியருக்கு அனுமதி கிடையாது. ட்ரைப்பின் கோயில் படங்கள் வெளிப்பிராகாரத்திலும் மண்டபங்களிலும் நின்றுவிடுவதற்கு ரசனையில் காரணம் தேட வேண்டாம்.

வெயில்: நேரம், மாதம், காத்திருப்பு

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் கணக்கும் உண்டு.

ஒளியைப் படிக்கும்போது தூண் நிழல், கொடுங்கை நிழல், தரை நிழல் என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். தரையில் விழுந்த நிழல் திசையைச் சொல்லும். கொடுங்கை சுவரின் மேல் போடும் நிழல் சூரியனின் உயரத்தைச் சொல்லும். வெயில் 45 பாகையில் இருந்தால் பொருளின் உயரமும் நிழலின் நீளமும் சமம். அதைவிட ஏறினால் நிழல் குட்டை, இறங்கினால் நீளம். ட்ரைப் மதுரையில் இருந்த ஜனவரி மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 20 வாக்கில் மதுரையில் உச்சிவெயில் சுமார் 60 பாகை. 10 அடித் தூணின் நிழல் வடக்குப் பக்கம் ஆறடிக்குச் சற்றுக் குறைவாக விழும். அன்றைய நாளில் இதைவிடக் குட்டையாக நிழல் விழவே முடியாது. படத்தில் அதே தூணுக்கு 10 அடி நிழல் இருந்தால் காலையாகவோ பிற்பகலாகவோ இருக்க வேண்டும். எது என்பதைத் திசை சொல்லிவிடும்.

மாதத்தையும் ஓரளவு பிடிக்கலாம். நம் ஊர் கடகரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வருஷத்தில் இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும். மதுரை, தஞ்சாவூர் பக்கம் அது ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும். இடைப்பட்ட மாதங்களில் மட்டும் உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் மூன்றாம் வாரம் வரை வடக்குச் சுவரில் நாள் பூராவும் நேர்வெயில் விழாது. அதனால் வடக்குச் சுவரில் கூர்மையான கொடுங்கை நிழலோடு வெயில் தெரிந்தால், படத்தை ஜனவரியில் எடுத்ததாகச் சொல்லும் குறிப்பு தப்பு, அல்லது படத்தை இடவலம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு சோதனை பல குளறுபடிகளைக் காட்டிக்கொடுக்கும்.

இதை இப்போது புதுமண்டபத்துக்குக் கொண்டு போங்கள். வடபுற நடைபாதை, பார்வை கிழக்கே. பனிக்கால வெயில் தெற்கே நிற்கிறது. அப்படியானால் இடப்பக்கம் திறந்த வெளியிலிருந்து உள்ளே வரும் வெளிச்சம் நேர்வெயிலாக இருக்க முடியாது. வானத்தின் நீல ஒளி, வெளித்தரையில் பட்டுத் திரும்பிய ஒளி. அந்த ரசாயனத்துக்குப் பிடித்ததே நீல ஒளிதான் என்று மேலே பார்த்தோம். தெற்கு நடைபாதையில் முக்காலியை வைத்திருந்தால் தூணுக்குத் தூண் வெயில் பட்டையும் கரும்பட்டையுமாக வெட்டிப்போட்டிருக்கும், தாள் நெகட்டிவ் அந்த முரணைத் தாங்காது. வெயில் பட்ட இடம் வெந்து, இருட்டு இருட்டாகவே கிடந்திருக்கும். வடக்கு நடையைத் தேர்ந்தெடுத்தது அவருடைய பெரிய முடிவு என்பது என் கருத்து. மிருதுவான ஒரே பக்க ஒளி ஒவ்வொரு தூணின் ஒரு விளிம்பை மட்டும் தடவிவிட்டுப் போகிறது. அந்த விளிம்புகளைத்தான் நாம் வரிசையாக எண்ணிக்கொண்டு போகிறோம்.

தஞ்சாவூரில் பிரச்சினை நேர் எதிரானது. அங்கே அவர் எடுத்ததில் வியப்பானது, விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து 21 பிரின்ட்டுகளை ஒட்டிச் சேர்த்த நீள்படம். மொத்தம் 19 அடிக்கு மேல். கல்லில் வெட்டிய எழுத்து ஆழம் குறைவு. முன்னாலிருந்து வெயில் அடித்தால் எழுத்தே தெரியாது, கல் மொழுமொழுவென்று இருக்கும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் வெயில் உரசிக்கொண்டு வந்தால்தான் ஒவ்வொரு வெட்டின் ஒரு கரை கறுக்கும், மறுகரை மின்னும், எழுத்து எழும்பும். கல்வெட்டுப் படிப்பவர்கள் காலையிலும் மாலையிலும் போவதும், இரவில் டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பதும் இதனால்தான். கிழக்கு மேற்காக ஓடும் தெற்குச் சுவரில் பனிக்காலத்துக் காலை வெயில் அப்படி உரசும், மேற்குச் சுவருக்கு நண்பகல் தாண்டிய நேரம் தோது. அப்படியானால் இந்த நீள்படத்தை ஒரே நாளின் ஒரே மணியில் எடுத்திருக்க முடியாது. சுற்றிவர வெயிலோடு கூடவே நகர வேண்டும்.

நிமிடக் கணக்கில் திறந்து வைத்ததால் நிழலே நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். சூரியன் 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது. பத்து நிமிடம் திறந்திருந்தால் இரண்டரைப் பாகை. உயரமான மதில் தரையில் போடும் நிழலின் ஓரம் அதற்குள் ஓரிரு அடி நகர்ந்துவிடும், ஓரம் மங்கும். கிட்டத்தில் இருக்கும் தூணின் நிழல் கூர்மையாகவும் தூரத்து உயரத்திலிருந்து விழும் நிழல் மங்கலாகவும் இருந்தால் இது ஒரு காரணம். இதன் உச்சகட்டம் பிரான்சில் நியேப்ஸ் 1826 அல்லது 1827-இல் ஜன்னலிலிருந்து எடுத்த படம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கேமராப் படம் அது, அதுவும் கட்டடங்களைத்தான் காட்டுகிறது. பல மணி நேரம் திறந்திருந்ததால் எதிரெதிரான இரண்டு சுவர்களிலும் வெயில் விழுந்திருக்கிறது. எந்த மனிதக் கண்ணும் பார்க்க முடியாத ஒளி.

தூரிகை பட்ட இடங்கள்

இந்தப் படங்களில் கைவேலை உண்டு. வானம் திட்டுத்திட்டாகப் பதியாமல் இருக்க நெகட்டிவில் வானப் பகுதியைக் கறுப்பாகப் பூசிவிடுவது அந்தக் காலத்து வழக்கம், பிரின்ட்டில் அது சுத்தமான வெள்ளையாக வரும். ட்ரைப் அதோடு நிற்கவில்லை. நெகட்டிவின் மேல் நிறமி தீட்டி மேகங்களைக் கொண்டுவந்தார், கறுத்துப்போன இலைகளுக்கு வெளிச்சம் சேர்த்தார். பர்மாப் படங்களில் இது நன்றாகத் தெரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி, வானமும் கட்டடமும் சந்திக்கும் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்ப்பது. கோபுரத்தின் ஓரத்தில் சுதைச் சிற்பங்களின் கைகள், ஆயுதங்கள், கலசத்தின் முனை எல்லாம் துருத்திக்கொண்டிருக்கும். கேமரா பதிந்த விளிம்பு கரடுமுரடாக இருக்கும். தூரிகை போன விளிம்பு வழுக்கிக்கொண்டு போகும், கையையும் ஆயுதத்தையும் ஒரே வளைவில் சீவிவிடும். மேகம் இருந்தால் இரண்டு படங்களில் ஒரே மாதிரி மேகமா என்று பாருங்கள். இலைகளில் வெளிச்சப்புள்ளிகள் நிழலின் திசைக்குப் பொருந்தாத பக்கம் இருந்தால் அதுவும் கைவேலை. இதை ஏமாற்று என்று எழுத வேண்டியதில்லை. நீலத்தை மட்டும் பார்க்கும் தாளைக் கொண்டு, தன் கண் பார்த்ததை அவர் மீட்க முயன்றிருக்கிறார்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க

தனியாக ஒரு படத்தைப் பார்த்தே களைத்துப்போனால் ஒரு ஜோடி சேருங்கள். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் 1792-இல் தெற்கே வந்தவர்கள். புதுமண்டபத்தைத் தாமஸ் டேனியல் படமாக்கியிருக்கிறார். ஓவியர் கையில் ஒளி அவர் சொன்னபடி கேட்கும், இருட்டான மூலையைத் திறந்து சிலையைக் காட்டலாம், பின்தூணை நகர்த்தி இடம் விடலாம். ட்ரைப்பால் ஒரு தூணையும் நகர்த்த முடியாது. ஓவியத்தில் தெரிந்து புகைப்படத்தில் தெரியாதது எது என்று ஒரு பட்டியல் போட்டால் அந்தக் கட்டுப்பாட்டின் வடிவம் கிடைக்கும். ட்ரைப்புக்குப் பத்து வருஷம் கழித்து எட்மண்ட் லயன் என்ற புகைப்படக்காரர் இதே ஊர்களை எடுத்தார். ட்ரைப்பின் படத்தையும் லயனின் படத்தையும் பக்கத்தில் வைத்து, நிழலுக்குள் எவ்வளவு விவரம் மிஞ்சியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். திருமலை நாயக்கர் அரண்மனைப் படங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு: ட்ரைப் எடுத்தபோது அது சிதைந்து கிடந்தது, நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்த காலத்தில் பழுதுபார்த்தது பிறகுதான். அந்தப் படங்களில் வெளிச்சம் விழும் ஓட்டைகள் சில, இன்று கூரையாக இருக்கும்.

கடைசியில் அந்த இடத்துக்கே போங்கள்

பிரின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு திசைகாட்டியும் வேண்டும், போனில் உள்ளது போதும். கேமரா நின்ற புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல உத்தி இருக்கிறது. படத்தில் முன்தூணின் விளிம்பு பின்னால் எதைத் தொடுகிறது என்று பாருங்கள், பின்தூணின் போதிகையையா, சிலையின் தோளையா. நேரில் அதே இரண்டும் அதே மாதிரி தொடும்வரை பக்கவாட்டில் நகருங்கள். இப்போது நீங்கள் சரியான கோட்டில் நிற்கிறீர்கள். படத்தின் மறுபக்கத்தில் இதே மாதிரி இன்னொரு ஜோடியைப் பிடியுங்கள், இரண்டு கோடும் சந்திக்கும் இடம்தான் முக்காலி நின்ற இடம். உயரத்தை முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

நின்றதும் உடனே போனை எடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் அப்படியே நில்லுங்கள், லென்ஸ் திறந்திருந்த நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் குறுக்கே போனார்கள், யார் அசையாமல் இருந்தார்கள், தரையில் நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வேறு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து அதே இடத்தில் நில்லுங்கள். தஞ்சாவூர் என்றால் பனிக்காலத்தில் காலையில் தெற்குச் சுவர்ப்பக்கம் ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை. முதல் முறை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்த கல்வெட்டு, இரண்டாம் முறை எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.